பழைய பேஸ்பால் மைதானத்தைக் காப்பாற்றுவது எப்படி: பத்திரம் தேடுவது முதல் ஆட்டம் நடத்துவது வரை

அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் உள்ள ரிக்வுட் ஃபீல்ட் 1910 ஆகஸ்ட் 18 அன்று திறக்கப்பட்டது. அமெரிக்காவில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் வயதில் மூத்தது அதுதான். அதைக் கட்டியவர் இரும்புத் தொழிலதிபர் ரிக் வுட்வர்ட். அவர் முன்மாதிரியாகக் கொண்டவை பிலடெல்ஃபியாவின் ஷைப் பார்க்கும் பிட்ஸ்பர்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டும். இரண்டும் முந்தைய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்தன. ஷைப் பார்க் இன்று இல்லை. ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் வெளிச்சுவரில் ஒரு பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. புரூக்ளினின் எப்பெட்ஸ் ஃபீல்ட் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்துவிட்டது. பெரிய நகரங்களின் புகழ்பெற்ற மைதானங்கள் போய்விட, மேஜர் லீக் என்ற உச்ச மட்டத்துக்குக் கீழான மைனர் லீக் ஆட்டங்களை நம்பியிருந்த தென்மாநில மைதானம் தப்பிவிட்டது.

தப்பியதற்கு அதன் அழகோ புகழோ மட்டும் காரணமாகாது; இடிபட்டவற்றுக்கும் இரண்டும் இருந்தன. 1987 சீசன் முடிந்ததும் பர்மிங்ஹாம் பேரன்ஸ் அணி புறநகரான ஹூவருக்கு இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகும் பள்ளி, கல்லூரி அணிகள் ரிக்வுட்டில் ஆடிக்கொண்டுதான் இருந்தன. 1992இல் ‘ரிக்வுட்டின் நண்பர்கள்’ என்ற தன்னார்வ அமைப்பு உருவானது. நிலம் நகராட்சியுடையது, பராமரிப்பில் நண்பர்கள் அமைப்பு, களத்தில் ஆட்டம். இந்த மூன்றும் விலகாமல் இருந்ததால் கட்டடமும் நின்றது.

அமெரிக்க ஊர் ஒன்றில் குடியிருந்துகொண்டு, தெருமுனையில் துருப்பிடித்த கேலரியுடன் நிற்கும் பழைய மைதானத்தை ஏதாவது செய்ய வேண்டுமே என்று நினைப்பவருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. படிகளின் வரிசை வழக்கமான பாரம்பரியக் கையேடுகளின் வரிசையிலிருந்து மாறுபடும். கையேடுகள் வரலாற்றில் தொடங்கும். நான் உரிமையாளரில் தொடங்குகிறேன்.

முதல் படி: நிலம் யாருடையது?

ஊரில் யாரைக் கேட்டாலும் “நகராட்சி மைதானம்” என்பார்கள். நம்பாதீர்கள். கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பதிவு அலுவலகத்துக்குப் போய், நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பது போல, இன்றைய உரிமையாளரிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு பத்திரமாகத் தேடுங்கள். கொடுத்தவர் பெயருக்கு ஓர் அகரவரிசை, வாங்கியவர் பெயருக்கு ஓர் அகரவரிசை என இரண்டு பதிவேடுகள் இருக்கும். வரி மதிப்பீட்டு அலுவலகத்தில் நிலத்தின் எல்லை வரைபடம் கிடைக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் விசித்திரங்கள் வெளிவரும்: களத்தின் உட்பகுதியான இன்ஃபீல்டு நகராட்சியுடையதாகவும், வாகன நிறுத்தம் ரயில்வே நிறுவனத்துடையதாகவும், கேலரி பள்ளி வாரியத்துடையதாகவும் இருக்கலாம். அரிசோனாவில் பிஸ்பி ஊரின் வாரன் பால்பார்க் 1909இல் செப்புச் சுரங்கத் தொழிலின் தயவில் எழுந்தது. நியூஜெர்சியின் பேட்டர்சன் நகரில் உள்ள ஹிஞ்ச்லிஃப் ஸ்டேடியம் நகரத்தின் பொதுப்பணத்தில் 1932இல் கட்டப்பட்டு, பின்னர் பள்ளி நிர்வாகத்தின் கைக்குப் போனது. ஆலையோ சுரங்கமோ மூடிய ஊர்களில் இப்படி மைதானம் கைமாறிய கதை ஏராளம்.

பத்திரத்தில் நிபந்தனை இருக்கிறதா என்பதுதான் நீங்கள் தேடும் புதையல். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில் 1877 முதல் பேஸ்பால் நடக்கும் மைதானம் ஒன்று உண்டு. 1936 இறுதியில் லபாட் மதுவாலைக் குடும்பம் அதை நகரத்துக்கு 10,000 டாலருடன் கொடையாக அளித்தபோது, என்றென்றும் பொது விளையாட்டுத் திடலாகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. இப்படி ஒரு வரி உங்கள் மைதானத்தின் பத்திரத்தில் இருந்தால், அதை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

பத்திரத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் இன்னொரு கதவைத் தட்டலாம். 1965இல் வந்த நிலம் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு நிதிச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு ஊர்ப் பூங்காக்களுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் பணம் கொடுத்திருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு விளக்குக் கம்பமோ வேலியோ போடப்பட்டிருந்தாலும், நிதி பெற்ற அந்தத் திடலைப் பொது வெளிப்புறப் பொழுதுபோக்குக்கு வெளியே வேறு எதற்கும் மாற்றுவது எளிதல்ல. மாற்ற வேண்டுமானால் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும், இணையான மதிப்பும் பயனும் உள்ள மாற்று நிலமும் தர வேண்டும். மாநிலப் பூங்காத் துறையிடம் நிதி பெற்ற இடங்களின் பட்டியலைக் கேளுங்கள். எத்தனையோ நகர மன்றங்களுக்கே இது நினைவில் இருப்பதில்லை.

இரண்டாம் படி: ஆட்டம் நிற்கக் கூடாது

வரலாறு எழுதவும் நிதி திரட்டவும் ஆண்டுகள் ஆகும். அதுவரை களம் காலியாகக் கிடந்தால் புல்லுக்குப் பதில் புதர் வளரும், கம்பி வேலியில் ஓட்டை விழும், செப்புக் குழாய்கள் திருடு போகும், கடைசியில் ‘அபாயகரமான கட்டடம்’ என்று அறிக்கை வரும். அந்த அறிக்கைதான் இடிப்பதற்கான அழைப்பிதழ். ஹிஞ்ச்லிஃப் 1997இல் மூடப்பட்டது. மீண்டும் திறக்க 26 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் நேர்ந்த சிதைவைச் சரிசெய்யவே பெரும்பணம் போனது.

ஆகவே முதல் மாதத்திலேயே பூங்காத் துறையிடம் ஓர் ஆட்டப் பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் இல்லையென்றால் நீங்களே உருவாக்குங்கள். உயர்நிலைப் பள்ளி அணி, பெரியவர்கள் லீக், சிறுவர் லீக், மென்பந்து என எதுவானாலும் சரி. கேலரி பாதுகாப்பற்றது என்றால் அதை மட்டும் வேலியிட்டு அடைத்துவிட்டு, களத்தைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். ‘முழுவதும் மூடல்’ என்ற சொல்லுக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

டெட்ராய்ட்டில் நடந்தது இதற்கு நல்ல சான்று. 1912இல் திறந்து 1999இல் கடைசி ஆட்டம் கண்ட டைகர் ஸ்டேடியம் 2009இல் முழுதாக இடிக்கப்பட்டது. எஞ்சிய வெற்றிடத்தில் 2010 முதல் ஒரு தன்னார்வலர் குழு சொந்த இயந்திரங்களைக் கொண்டுவந்து புல் வெட்டியது, பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேட்டைச் சீரமைத்தது, குப்பை அள்ளியது. அத்துமீறல் என்று அவர்களை விரட்டியதும் உண்டு. கட்டடமே இல்லாத இடத்தில் மக்கள் வந்து பந்து பிடித்து ஆடினார்கள். களம் களமாகவே தெரிந்துகொண்டிருந்ததால், 2018இல் அங்கே இளைஞர் விளையாட்டுக்கான புதிய மைதானம் வந்தது. அதில் செயற்கைப் புல் விரித்ததை அந்தத் தன்னார்வலர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமே என் மனமும் சாய்கிறது. ஆனால் நாள் முழுவதும் பல அணிகள் ஆடும் இடத்தில் இயற்கைப் புல் தாங்காது என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியவில்லை.

மூன்றாம் படி: காகிதத்தில் மைதானத்தைத் தேடுதல்

இங்கே நிதானமாக இருங்கள். தேடலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், வழி தவறுவதும் இங்குதான்.

தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காகச் சான்பார்ன் நிறுவனம் 1867 முதல் அமெரிக்க ஊர்களை மிக நுணுக்கமாக வரைபடமாக்கியது. இந்தத் தாள்களில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் நிறம் உண்டு: செங்கல் என்றால் இளஞ்சிவப்பு, மரம் என்றால் மஞ்சள், கல்லும் கான்கிரீட்டும் நீலம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் ஆயிரக்கணக்கான தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே இடத்தின் தாள்களை ஆண்டுவாரியாக அடுக்கினால், மஞ்சள் கேலரி எப்போது நீலமானது என்று கண்ணுக்குத் தெரியும். மர கேலரிகள் அடிக்கடி எரிந்தன. டெட்ராய்ட்டில் கறுப்பினத்தவரின் டெட்ராய்ட் ஸ்டார்ஸ் அணி ஆடிய மேக் பார்க் 1929இல் தீப்பிடித்தது. அந்த அணிக்காகத்தான் 1930இல் பக்கத்து ஊரான ஹாம்ட்ராமக்கில் புதிய ஸ்டேடியம் எழுந்தது. வரைபடத்தில் ஒரு நிறம் மாறியிருந்தால், அந்த ஆண்டுச் செய்தித்தாளில் தீ விபத்தைத் தேடுங்கள்.

அடுத்து வான்வழிப் படங்கள். மத்திய வேளாண் துறை 1930களிலிருந்து நாட்டின் பெரும்பகுதியை விமானத்திலிருந்து படமெடுத்திருக்கிறது. பழைய படங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பேஸ்பால் களத்தை இந்தப் படங்களில் அடையாளம் காண்பது எளிது, ஏனென்றால் அதன் அளவுகள் மாறுவதில்லை. ஓடுபவர் தொட வேண்டிய பேஸ்களில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. பேட் பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து பிட்சர் நிற்கும் இடம்வரை 60 அடி 6 அங்குலம். இது 1893 முதல் மாறவில்லை. ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்கு ஏறத்தாழ 127 அடி. படத்தின் அளவுகோலைக் கொண்டு இவற்றை அளந்தால் களம் எங்கே இருந்தது, எப்போது திசை திரும்பியது என்று சொல்லிவிடலாம். ஹோம் பிளேட்டிலிருந்து பிட்சர் வழியாக இரண்டாம் பேஸை நோக்கும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது விரும்பத்தக்கது என்று விதிப்புத்தகம் சொல்கிறது. மாலை வெயில் பேட் பிடிப்பவரின் கண்ணில் அடிக்கக் கூடாது என்பது நோக்கம். உங்கள் மைதானம் வேறு பக்கம் திரும்பியிருந்தால் தெருவோ ஆறோ ரயில் பாதையோ அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்தக் காரணமும் வரலாறுதான்.

1930களின் பெருமந்தக் காலத்தில் மத்திய அரசின் வேலைவாய்ப்புத் திட்ட நிர்வாகம் 1935 முதல் 1943 வரை எண்ணற்ற ஊர்களில் கேலரிகளையும் சுற்றுச்சுவர்களையும் கட்டிக்கொடுத்தது. சுவரில் கைவேலைக் கல் தெரிந்தால் அந்தத் திட்டத்தின் பதிவுகளைப் பாருங்கள். நகர மன்றக் கூட்டக் குறிப்புகளை அலுப்பாக இருந்தாலும் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். கூரைக்கு யார் பணம் கேட்டார், யார் மறுத்தார் என்பதெல்லாம் அங்கே பதிவாகியிருக்கும்.

செய்தித்தாள் தேடலில் ஓர் எச்சரிக்கை. வெள்ளையர் நடத்திய உள்ளூர்ப் பத்திரிகைகள் கறுப்பின அணிகளின் ஆட்டங்களை மூன்று வரியில் முடித்தன, அல்லது விட்டேவிட்டன. அந்த ஆட்டங்களுக்கு ‘சிகாகோ டிஃபெண்டர்’, ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ போன்ற கறுப்பினப் பத்திரிகைகளைப் பார்க்காமல் எழுதும் மைதான வரலாறு அரைகுறையாகவே இருக்கும். 2020 டிசம்பரில் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு, 1920 முதல் 1948 வரை நடந்த கறுப்பின வீரர்களுக்கான ஏழு நீக்ரோ லீகுகளையும் மேஜர் லீகுகளாக அங்கீகரித்தது. அதனால் ஹிஞ்ச்லிஃப், ஹாம்ட்ராமக் போன்ற ஊர் மைதானங்கள் ஒரே நாளில் மேஜர் லீக் மைதானங்களின் வரிசைக்கு வந்தன. உங்கள் ஊர் மைதானத்திலும் அப்படி ஏதேனும் ஒரு சீசன் ஒளிந்திருக்கலாம்.

பேஸ்பாலின் பெரும்புகழ் வீரர் பேப் ரூத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பழைய மைதானம் உள்ள ஊர்களில் எல்லாம் அவர் அங்கே வந்து ஆடினார் என்பார்கள். அவர் அடித்த பந்து ஓடும் சரக்கு ரயிலில் விழுந்து அடுத்த ஊருக்குப் போனது என்பார்கள். காட்சி ஆட்டங்களுக்காக அவர் ஊர் ஊராகச் சுற்றியது உண்மை என்பதால் முழுதாகத் தள்ளவும் முடியாது. தேதியும் ஆட்டக் கணக்கும் அச்சில் கிடைத்தால் வரலாற்றில் சேருங்கள். கிடைக்காவிட்டால் ‘ஊர்க் கதைகள்’ என்ற தலைப்பில் தனியாகப் போடுங்கள். 1971இல் கூப்பர்ஸ்டவுனில் தொடங்கப்பட்ட அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கத்தில் மைதானங்களுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் இப்படிப்பட்ட கதைகளைச் சரிபார்ப்பதில் மகிழ்ச்சி காண்பவர்கள், எழுதிக் கேளுங்கள்.

நான்காம் படி: எந்த வாசல் வழியாக உள்ளே போனீர்கள்?

பெரியவர்களிடம் பேட்டி எடுக்கும்போது “உங்களால் மறக்க முடியாத ஆட்டம் எது?” என்று தொடங்கினால் பழகிப்போன பதில்தான் வரும். எந்த வாசல் வழியாக நுழைந்தீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், கழிப்பறை எங்கே இருந்தது, யார் வரக் கூடாது என்று கேளுங்கள். மைதானத்தின் உண்மையான வரைபடம் இந்தப் பதில்களில்தான் கிடைக்கும்.

ரிக்வுட்டையே எடுத்துக்கொள்வோம். வெள்ளையர்களின் பேரன்ஸ் அணியும் கறுப்பினத்தவரின் பிளாக் பேரன்ஸ் அணியும் ஒரே களத்தில் வெவ்வேறு நாள்களில் ஆடின. 1920களின் இறுதியில் புகழ்பெற்ற பந்துவீச்சாளர் சாட்செல் பெய்ஜ் அங்கே பிளாக் பேரன்ஸ் அணிக்காகப் பந்து வீசினார். 1948இல் பள்ளி மாணவராக இருந்த, பின்னாளில் மேஜர் லீக் நட்சத்திரமான வில்லி மேஸ் அதே அணியில் சேர்ந்து, நீக்ரோ லீகுகளின் சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசி நீக்ரோ உலகத் தொடரில் ஆடினார். பேரன்ஸ் ஆடும் நாள்களில் கறுப்பின ரசிகர்களுக்கு வலது அவுட்ஃபீல்டு (வெளிக்களம்) பக்கம் தனி இருக்கைப் பகுதி. 1930களில் பேரன்ஸ் ஆட்டங்களை வானொலியில் வர்ணித்துப் பெயர் பெற்றவர் புல் கானர். அந்தப் புகழில் அரசியலுக்கு வந்து, 1963இல் சம உரிமை கேட்ட சிறுவர்கள்மீது தீயணைப்புக் குழாய்களையும் நாய்களையும் ஏவியவரும் அவரே. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து ஆடுவதையே பர்மிங்ஹாம் நகரச் சட்டம் தடைசெய்திருந்தது. சதர்ன் அசோசியேஷன் லீக் 1961 சீசனோடு கலைந்தபின், 1962, 1963 ஆண்டுகளில் பர்மிங்ஹாமில் தொழில்முறை அணியே இல்லை. 1964இல்தான் இரு இனத்தவரும் சேர்ந்த அணியாகப் பேரன்ஸ் திரும்பியது.

இவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டு வேர்க்கடலை வாசனையையும் ஆர்கன் இசையையும் மட்டும் எழுதும் நினைவு மலர்கள் நிறையவே உண்டு. அவற்றால் பயனில்லை. பிஸ்பியின் வாரன் பால்பார்க்கில் 1917 ஜூலை 12 அன்று வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களையும் அவர்களின் ஆதரவாளர்களையும் துப்பாக்கி முனையில் கூட்டி வைத்து, சுமார் 1,200 பேரைக் கால்நடை ரயில் பெட்டிகளில் ஏற்றி நியூ மெக்சிகோ பாலைவனத்துக்கு அனுப்பினார்கள். அந்த மைதானத்தைக் காக்க வேண்டியதற்கு அங்கே நடந்த எந்த ஆட்டத்தையும்விட அந்த ஒரு காலைப்பொழுதே வலுவான காரணம்.

பேட்டிக்கு முன் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். ஒலிக்கோப்பின் ஒரு பிரதியை உள்ளூர் நூலகத்துக்குக் கொடுங்கள். பழைய புகைப்படங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் அங்கேயே ஸ்கேன் செய்துகொண்டு, பின்புறத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்துப் படமெடுங்கள்.

ஐந்தாம் படி: கட்டடத்தின் உடல்நிலை

பழைய கான்கிரீட் கேலரிக்குப் பெரிய எதிரி தண்ணீர். மேல்தளத்து விரிசல் வழியாக இறங்கும் நீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளிருந்தே தள்ளி, கான்கிரீட்டை அடை அடையாகப் பெயர்க்கிறது. குளிர் மாநிலங்களில் அந்த நீர் உறைந்து விரிவது இரண்டாவது அடி. ஆகவே பணம் குறைவாக இருந்தால் வண்ணப்பூச்சையும் பெயர்ப்பலகையையும் மறந்துவிட்டு, கூரையையும் வடிகாலையும் மட்டும் சரிசெய்யுங்கள். கேலரி இன்னும் பத்து ஆண்டு காத்திருக்கும்.

பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளரை அமர்த்துங்கள். புதுக் கட்டடம் மட்டுமே பார்த்தவர் ‘இடித்துக் கட்டுவதே மலிவு’ என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். அந்த ஒரு பக்கத்தை எதிர்த்து நீங்கள் ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டியிருக்கும். அவர் வரும் முன் நீங்கள் செய்யக்கூடியது, ஒவ்வொரு தூணுக்கும் எண் கொடுத்து, நான்கு பக்கமும் படமெடுத்து, மழை பெய்யும்போது நீர் எங்கே தேங்குகிறது, எங்கே ஒழுகுகிறது என்று குறித்து வைப்பது. பழைய பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்பு மிகுதி என்பதால் யாரையும் சுரண்ட விடாதீர்கள். தன்னார்வ வேலை நாளில் ஆர்வக்கோளாறில் நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, சுவரை மணல் வீச்சால் சுத்தம் செய்வது; அது செங்கலின் கடினமான மேல்தோலையே உரித்துவிடும். மற்றொன்று, மென்மையான பழைய செங்கல்லுக்கு நடுவே கெட்டியான சிமெண்டுக் கலவை பூசுவது. சுண்ணாம்புக் கலவை விட்டுக்கொடுக்கும், சிமெண்டு விட்டுக்கொடுக்காது, உடைவது செங்கல்தான்.

ஆறாம் படி: தேசியப் பதிவேடும் அதன் எல்லையும்

1966ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் உருவாக்கிய, வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் ரிக்வுட் 1993இலும், ஹிஞ்ச்லிஃப் 2004இலும், ஹாம்ட்ராமக் 2012இலும் இடம்பெற்றன. விண்ணப்பம் மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தில் தொடங்குகிறது. முதலில் அவர்களுக்கு ஒரு பூர்வாங்கக் கடிதம் அனுப்பி, இடத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள்; முழுப் படிவத்தையும் எழுதிவிட்டுப் போய் ஏமாற வேண்டாம். மாநில மறுஆய்வுக் குழு ஒப்புக்கொண்டால் கோப்பு தேசியப் பூங்காத் துறைக்குப் போகும். அங்கே 45 நாள்களில் முடிவு வரும். பொதுவாக 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும்.

தகுதிக்கு நான்கு அளவுகோல்கள்: நிகழ்வு, மனிதர், வடிவமைப்பு, புதைந்திருக்கும் தகவல். ஊர் மைதானங்களில் பெரும்பாலானவை முதல் அளவுகோலில்தான் தேறும். “புகழ்பெற்ற வீரர் ஒருநாள் ஆடினார்” என்பதைக் கொண்டு இரண்டாவதில் நுழையப் பார்ப்பவர்கள் தோற்பார்கள். அந்த மனிதரின் முக்கியமான காலத்தோடு இடத்துக்கு நீடித்த தொடர்பு இருக்க வேண்டும். அடுத்து, கட்டடம் எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்பதை இருப்பிடம், வடிவமைப்பு, சூழல், பொருள், கைவேலை, உணர்வு, தொடர்பு என ஏழு கோணங்களில் காட்ட வேண்டும்.

பதிவேட்டில் ஏறியதும் மைதானம் தப்பித்துவிட்டது என்று விருந்து வைப்பவர்கள் உண்டு. அவர்களிடம் மெல்லச் சொல்லுங்கள்: தனியார் உரிமையாளர் தன் பணத்தில் இடிக்க நினைத்தால் தேசியப் பதிவேடு தடுக்காது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ கலந்த திட்டமாக இருந்தால், சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி பாதிப்பை ஆராய்ந்து கலந்தாலோசிக்க வேண்டும், அவ்வளவுதான். உண்மையில் இடிப்பைத் தடுக்கும் அல்லது தாமதப்படுத்தும் அதிகாரம் நகரத்தின் உள்ளூர்ப் பாரம்பரியச் சட்டத்தில் இருக்கிறது. அதன்கீழ் அறிவிக்க வைப்பது கௌரவம் குறைந்த வேலையாகத் தோன்றும். பயன் அதில்தான் அதிகம்.

ஏழாம் படி: அமைப்பும் பணமும்

வரிவிலக்குப் பெற்ற ‘நண்பர்கள்’ அமைப்பைப் பதிவுசெய்து, உரிமையாளருடன் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். யார் புல் வெட்டுவது, யார் காப்பீடு கட்டுவது, திரைப்படக்காரர்கள் வாடகைக்குக் கேட்டால் வருமானம் யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பழைய மைதானத்தைத் தேடித் திரைப்படக்காரர்கள் நிச்சயம் வருவார்கள். ரிக்வுட்டுக்குப் பலமுறை வந்தார்கள்.

வரலாற்றுக் கட்டடப் புனரமைப்புக்கு மத்திய அரசு தரும் 20 சதவீத வரிச்சலுகை வருமானம் ஈட்டும் கட்டடங்களுக்கு மட்டுமே. நகராட்சியோ பள்ளியோ வரி கட்டாததால் அதை நேராகப் பயன்படுத்த முடியாது. தனியார் கூட்டாளி வேண்டும். ஹிஞ்ச்லிஃப் அப்படித்தான் மீண்டது. 2010இல் அழியும் ஆபத்திலுள்ள இடங்களின் தேசியப் பட்டியலில் இடம்பெற்று, 2013இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகி, அடுத்த ஆண்டு பேட்டர்சன் அருவியை ஒட்டிய தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குள் வந்தது. அதன் பிறகுதான் முதியோர் குடியிருப்பு, வாகன நிறுத்தம், அருங்காட்சியகம் எல்லாம் சேர்த்து சுமார் 10 கோடி டாலர் திட்டமாக 2023 மே மாதம் திறந்தது. மைதானத்துக்கு மட்டும் பணம் கேட்டிருந்தால் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஹாம்ட்ராமக் வேறு வழியில் சென்றது: மத்திய அரசின் கறுப்பினத்தவரின் குடிமை உரிமை வரலாற்று நிதி, அறக்கட்டளைகள், பொதுமக்கள் நன்கொடை எனச் சேர்த்து, பழைய கேலரியைப் பழுதுபார்த்து 2022இல் திறந்தது. சிறிய ஊருக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும்.

எட்டாம் படி: எந்த ஆண்டுக்குத் திரும்புவது?

“அசல் நிலைக்குக் கொண்டுவருவோம்” என்று யாராவது சொன்னால், எந்த அசல் என்று கேளுங்கள். ரிக்வுட்டின் முகப்பாக எல்லோரும் படமெடுக்கும் ஸ்பானிய மிஷன் பாணி வாசல் 1928இல் வந்தது, விளக்குகள் 1936இல். 1910தான் அசல் என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டையும் கழற்றி எறிய வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டுதலும் காலப்போக்கில் சேர்ந்தவை தாமே மதிப்புப் பெற்றிருந்தால் அவற்றை வைத்துக்கொள்ளச் சொல்கிறது. தொலைந்துபோனதை ஊகத்தில் திரும்பக் கட்டாதீர்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு வழி அமைப்பது 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி கட்டாயம். அதைப் பழைய வாசலை உடைக்காமல் எங்கே அமைக்கலாம் என்று தொடக்கத்திலேயே வரைபடத்தில் முடிவுசெய்யுங்கள்.

மேஜர் லீக் ஆட்டம் நடத்துவதற்காக 2024இல் ரிக்வுட்டின் களமும் வடிகாலும் வீரர்கள் அமரும் டக்அவுட்களும் புதுப்பிக்கப்பட்டன. கேலரியும் முகப்பும் அப்படியே நின்றன. ஆட்டக்காரர் உடலில் படும் பகுதி இன்றைய தரத்தில், பார்வையாளர் கண்ணில் படும் பகுதி பழைய தோற்றத்தில் என்பது நல்ல பிரிவினை என்றே நினைக்கிறேன். ஜூன் 20 அன்று செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி 6–5 என்று சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸை வென்றது. வில்லி மேஸ் அதற்கு இரண்டு நாள் முன்புதான் 93 வயதில் காலமாகியிருந்தார்.

எல்லாம் முயன்றும் முடியாவிட்டால்

சில மைதானங்கள் போய்த்தான் தீரும். அப்போதும் பேரம் பேச இடமுண்டு. இண்டியானாபொலிஸின் புஷ் ஸ்டேடியம் 1931இல் கட்டியது. அதன் கேலரியை அடுக்குமாடி வீடுகளாக மாற்றி, நடுவில் இன்ஃபீல்டின் வடிவத்தை மட்டும் விட்டு வைத்தார்கள். பந்து ஆட முடியாது என்றாலும் கட்டடம் இருக்கிறது. கிளீவ்லாந்தின் லீக் பார்க்கில் நேர்மாறாக, கேலரி பெரும்பாலும் போய்விட்டது. டிக்கெட் விற்ற பழைய கட்டடம் அருங்காட்சியகமாகி, 2014 முதல் அதே இடத்தில் மீண்டும் ஆட்டம் நடக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் கிளீவ்லாந்தையே எடுப்பேன்.

எதுவுமே மிஞ்சாது என்று உறுதியாகிவிட்டால், இடிப்பு அனுமதியின் நிபந்தனையாக அளவெடுத்த வரைபடங்களும் பெரிய வடிவப் புகைப்படங்களும் எடுக்கக் கேளுங்கள். 1933 முதல் நடந்துவரும் வரலாற்றுக் கட்டடங்கள் அளவாய்வின் தரத்தில் தயாரித்தால் காங்கிரஸ் நூலகம் ஏற்றுக்கொள்ளும். ஹோம் பிளேட், பிட்சர் மேடு, களத்தின் பக்க எல்லைக்கோடுகள் முடியும் இடத்தில் நிற்கும் இரண்டு ஃபவுல் கம்பங்கள் ஆகிய நான்கு புள்ளிகளையும் பதிவுபெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளந்து, அந்த ஆயத்தொலைவுகளைக் கவுண்டி பதிவு அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். இடிக்கும் ஒப்பந்ததாரர் வேலி போடுவதற்கு முந்தைய வாரம் இதைச் செய்ய வேண்டும். இயந்திரம் இறங்கியபின் அளக்க எந்த அடையாளமும் இருக்காது.